டிரைவர் அமையவில்லை

கோத்தகிரி. ராத்திரி ஒன்பதே முக்கால்.
குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து
கேபிள் அறுந்த மூன்றாம் நாள்.
பென்டிரைவிலிருந்து இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுவிட்டேன்.
அது என்னைச் சுத்தமாக மறந்துவிட்டது:
என் பெயரை, என் எழுத்துருக்களை,
கடைக்கணக்கை நான் ஒளித்து வைத்திருந்த இடத்தை.
கிராபிக்ஸ் கார்டை மட்டும்
அழைக்காமல் வந்த விருந்தாளியைப் போலப் பார்க்கிறது.
திரையில் ஐகான் ஒவ்வொன்றும்
முட்டைகோஸ் அளவு.

ஸ்டூலில் பெள்ளிராஜ்,
மங்கி குல்லாவைக் கழற்றவில்லை.
காலை எட்டுக்குப் பேனர் வேண்டும். பத்துக்கு ஆறு.
பசுந்தேயிலைக்கு விலை கேட்டு உண்ணாவிரதம்.

"இன்னும் என்னக்கா?"
"டிரைவர் சரியா அமையல."
"என் மச்சான் பிக்கப் ஓட்டுவான். கூப்பிடட்டுமா?"

சிரிக்க நேரமில்லை. சிரித்தேன்.

பட்டியலைத் திறந்தால்
ஐந்நூற்று முப்பத்தைந்து, நானூற்று எழுபது,
இடையில் இன்னும் இரண்டு, எல்லாம் கம்பெனி கொடுத்தவை, மூடியவை.
கடைசியில் எண்ணே இல்லாத ஒன்று.
எங்கெங்கோ இருக்கிறவர்கள்
கார்டைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து எழுதியது.
உள்ளே என்ன என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.
நான் படித்ததில்லை. படித்தாலும் விளங்காது.

பெரிய எண்ணுக்குப் பக்கத்தில்
'பரிந்துரை' என்று போட்டிருந்தது.
பரிந்து உரைக்கிறார்கள், நம்பினேன்.

சிக்னல் கிடைப்பது மாடிப்படியின் மூன்றாம் படியில் மட்டும்.
போனை அங்கே வர்க்கி டப்பாமேல் சாய்த்துவிட்டு
நாற்பது நிமிடம்
இரண்டு பேரும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஷட்டருக்கு அடியில் பனி நுழைந்து
கால்விரலைத் தொட்டுப் பார்த்தது.

மறுபடி தொடங்கியது. கறுப்பு.
அணைந்த கறுப்பு இல்லை,
பின்னால் விளக்கு எரிகிற கறுப்பு.
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
இமைத்தது, இமைத்தது, அவ்வளவுதான்.

"கம்பெனிக்காரன் கொடுத்ததுதானே?"
"ஆமா. ஆனா இந்தக் கார்டு பழசு.
இனிமே இதைக் கவனிக்க மாட்டாங்களாம்.
எங்கயோ பொடி எழுத்துல சொல்லியிருப்பாங்க."
"எங்க இலைக்கும் இதே கதை.
வண்டியில ஏறும்போது முதல் தரம்,
பேக்டரி தராசுல ஏறினா ஈரம், நூத்துக்குப் பத்து கழிவு.
எப்படிக் கணக்குப் போட்டீங்கன்னா
கணக்கு உள்ளே இருக்கும்பான்."

நான் பதில் சொல்லவில்லை.
மீட்பு முறையில் நுழைந்து
போட்டதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
நானூற்று எழுபதுதான் இதற்குப் பொருந்தும்,
இப்போது தெரிகிறது.
அதற்கு இன்னொரு நாற்பது நிமிடம்.
எண்ணில்லாதது ஏற்கெனவே பெட்டிக்குள்ளேயே இருந்தது,
பதிவிறக்கக்கூட வேண்டாம்.

வந்தது.
வேகம் என்று சொல்ல முடியாது.
தேயிலைக் கொழுந்தை இழுத்தால்
பின்னாலேயே அதன் நிழல் நாலு வந்தன.
விசிறி மேட்டில் ஏறும் பஸ்ஸைப் போல முனகியது.
ஆனால் ஐகான்கள் கொத்தமல்லி விதைக்குச் சுருங்கின.
பச்சை, பச்சையாக இருந்தது.
பெள்ளிராஜ் எழுந்து வந்து திரைக்கு மிகக் கிட்டத்தில் பார்த்தார்,
ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல.

"விலை எவ்வளவுன்னு போட?"
"அத மட்டும் காலியா விடுங்க.
காலையில சங்கத்துல பேசித்தான்.
ஒருத்தன் நாப்பதுங்கிறான், ஒருத்தன் முப்பத்தஞ்சே போதுங்கிறான்."

இரண்டு முழத்துக்கு வெள்ளைக் கட்டம் ஒன்று விட்டேன்,
கிலோவுக்கு என்பதற்கும் ரூபாய் என்பதற்கும் நடுவில்.

பன்னிரண்டரைக்கு மை வாசனையோடு பேனர் இறங்கியது.
அழியாத மார்க்கர் ஒன்றையும் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும்,
வாங்கினேன், சில்லறை பாக்கி.

அவர் அதைச் சுருட்டித் தோளில் வைத்து
பனிக்குள் நாலடி போனதும் காணவில்லை.
திரையின் ஓரத்தில் அதற்குள் ஒரு சின்னக் கட்டம்:
புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதா, பிறகா?

பிறகு.

ஷட்டரை இறக்கிப் பூட்டிய பின்தான் உறைத்தது,
போன் இன்னும் உள்ளே,
மூன்றாம் படியில்.